டைல்ஸ் வெட்டும் மிஷினும் 90 பாகையும்



இந்தத் தடவை நான் எழுதுவது தண்ணீர் விட்டு டைல்ஸ் வெட்டும் மிஷினைப் பற்றி. "இது கொத்தனார் சமாச்சாரம்லா, நமக்கு எதுக்கு?"ன்னு கேக்காதீங்க. நம்ம ஊர் அண்ணன்மார் பலர் இந்த வேலைக்குத்தான் போறாவ. எங்க சித்தப்பாவும் டைல்ஸ் வேலைதான் செய்யாவ. அவுககிட்ட கேட்டுத் தெரிஞ்சதை எழுதுறேன்.

தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருப்பீங்க. அங்கே மந்திரசாலையின் தரை கறுப்பாக மின்னும். டைல்ஸ் தரை அப்படி இல்லை. 2 அடிக்கு 2 அடி துண்டுகளை வரிசையாகப் பதிக்க வேண்டும். சுவர் ஓரத்தில் முழு டைல் கொள்ளாது, வெட்டித்தான் வைக்கணும். வெட்டு கோணலானால் தரையே கோணலாகத் தெரியும்.

மிஷினின் பிளேடுக்கு ரம்பம் போலக் கூர்மையான பல் கிடையாது. அதன் விளிம்பில் செயற்கை வைரத் துகள்கள் பதிந்திருக்கும். அவை டைலைத் தேய்த்துத் தேய்த்தே வழி உண்டாக்குகின்றன. தேய்த்தால் சூடு வரும், தூசியும் வரும். இரண்டையும் அடக்கத்தான் தண்ணீர்.

வேலை தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை (முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்):

1. மூலைமட்டம் சரியா? பலகையின் நேரான ஓரத்தில் வைத்து ஒரு கோடு போடுங்கள். அதைப் புரட்டி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். ரெண்டும் ஒன்றாக விழுந்தால் மூலைமட்டம் 90 பாகை.

2. பிளேடு செங்குத்தா? மூலைமட்டத்தை மேசையில் நிறுத்திப் பிளேடோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். வைரம் பதித்த விளிம்பு தடிப்பாக இருக்கும். அதனால் அதற்கு உள்ளே, தட்டையான பாகத்தில்தான் ஒட்டணும்.

3. மேசை நகரும் வழியும் பிளேடும் இணையா? பிளேடில் ஒரு புள்ளி வையுங்கள். நகரும் மேசையில் ஒரு டைலை அசையாமல் பிடித்து, அதன் மூலைக்கும் புள்ளிக்கும் உள்ள தூரத்தை முன்பக்கம் அளக்கவும். பிறகு பிளேடைக் கையால் சுற்றி அதே புள்ளியைப் பின்பக்கம் கொண்டுபோய், மேசையையும் நகர்த்தி, அதே மூலையிலிருந்து அளக்கவும். இரண்டும் ஒன்றாக இருக்கணும். இல்லையென்றால் பிளேடின் பின்பக்கம் உரசி, ஓரம் சில்லு சில்லாகத் தெறிக்கும்.

4. டைல் சாய்ந்து நிற்கும் சட்டம் சரியா? உடைந்த டைலில் இணையான ஓரங்கள் உள்ள துண்டை எடுத்துக் குறுக்கே வெட்டுங்கள். ஒரு பாதியை மட்டும், மேல் ஓரம் கீழே வருமாறு புரட்டி, நேரான சட்டத்தில் ரெண்டையும் ஒட்டி வையுங்கள். இடைவெளி தெரிந்தால் சட்டம் கோணல். 1 மி.மீ. பிசகு இருந்தால் 2 மி.மீ. இடைவெளியாகக் காட்டிக்கொடுக்கும்! சட்டத்தின் திருகைத் தளர்த்தி, அதில் பாதி அளவுதான் திருத்தணும்.

"பத்து நிமிசம் பாத்துட்டு வெட்டுனா பத்து டைல் மிச்சம்"னு சித்தப்பா சொல்லுவாவ.

இனி முக்கியமான விஷயம். "வீடெல்லாம் சேறாகுது"ன்னு வீட்டுக்காரங்க சொன்னா, சிலர் கையில் பிடிக்கும் கட்டரால் தண்ணீர் விடாமலே வெட்டுறாங்க. மூக்கில் துண்டு கட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் துணியைத் தாண்டி நுரையீரலில் போய்த் தங்கும். பல வருஷம் கழித்து மூச்சுத் திணறும். இதன் பெயர் சிலிக்கோசிஸ். இதைத் தடுக்கலாம், வந்த பிறகு குணப்படுத்த முடியாது. நம் நாட்டில் 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இந்நோய் பட்டியலில் இருந்தது. ஆஸ்திரேலியாவில் சிலிக்கா மிகுந்த செயற்கைக் கல்பலகைகளை 2024 ஜூலை 1 முதல் தடையே செய்துவிட்டார்கள்.

தண்ணீர் பிளேடின் இரண்டு பக்கமும் விழுகிறதா என்று பார்க்கணும். கலங்கிய தண்ணீரை மாற்றணும். சேறு காய்ந்தால் மறுபடியும் தூசிதான், அதனால் ஈரத்தோடேயே கழுவிவிடணும். தண்ணீரும் கரண்டும் சேரும் இடம் என்பதால், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் கட்டாயம் வேணும். வயர் பிளக்கைவிடக் கீழே தொங்கி வளைந்து போகணும். அப்போ வயர் வழியே வரும் தண்ணீர் பிளக்குக்குள் ஏறாமல் கீழே சொட்டிவிடும்.

உங்க வீட்டில் டைல்ஸ் வேலை நடந்தால், "சேறானா பரவாயில்ல, நாங்க கழுவிக்கிடுதோம், தண்ணி விட்டே வெட்டுங்க"ன்னு வீட்டுப் பெரியவங்களைச் சொல்லச் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்: வகுப்பறை மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடியும் மறு சுவரில் 4 அடியும் அளந்து குறியுங்கள். குறிகளுக்கு இடையே சரியாக 5 அடி இருந்தால் மூலை 90 பாகை. எந்த வகுப்பு மூலை கோணல் என்று கணக்கு ஆசிரியரிடம் சொல்லுங்கள்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி