தறியா, கம்பெனியா? வேலை நமக்குச் சரியா என்று பார்ப்பது எப்படி

போன மாதம் சேவூருக்குப் போயிருந்தபோது அண்ணன் மகன் கேட்டான்: "சித்தப்பா, தறியை விட்டுட்டு செய்யாறு சிப்காட்டுக்குப் போயிடட்டுமா? மாசம் பொறந்தா சம்பளம் வருதுங்கிறாங்க."

"போயிடுடா" என்று சொல்ல வாய் வந்தது. நானும் தறியை விட்டு வந்தவன்தானே. ஆனால் எனக்குச் சரியாக இருந்தது அவனுக்கும் சரியாக இருக்கும் என்று எப்படிச் சொல்வது?

இதை முறையாக யோசித்த முன்னோடிகளில் ஒருவர் பிராங்க் பார்சன்ஸ். 1908-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வேலை தேடும் இளைஞர்களுக்காக ஓர் ஆலோசனை நிலையம் தொடங்கினார். அவர் இறந்த பிறகு 1909-ல் வந்த புத்தகத்தின் சாரம்: உன்னைத் தெரிந்துகொள், வேலையைத் தெரிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார். திருக்குறளின் தெரிந்துவினையாடல் அதிகாரமும் இந்தப் பொருத்தத்தைத்தான் பேசுகிறது. ஆனால் வேலை கொடுப்பவர் பக்கத்திலிருந்து. வேலைக்குப் போகிறவர் பக்கத்திலிருந்து நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன்.

1. அந்த வேலையின் சலிப்பான பகுதி எது?

புடவை அழகுதான். ஆனால் நெசவாளியின் நாள் என்பது குழித்தறியில் உட்கார்ந்து மிதிப்பது, நாடா தள்ளுவது, இழை அறுந்தால் தேடி முடிச்சுப் போடுவது. இழை அறுந்தால் எனக்குக் கோபம் வரும். அப்பா நிதானமாக எடுத்துக் கட்டுவார். அதே நான், அடுத்தவர் எழுதிய நிரலில் ஒரு பிழையைத் தேடி நாள் முழுக்க உட்காருவேன், அலுக்காது. எந்த வேலையிலும் நாளின் பெரும்பகுதி இப்படித்தான் போகும். அதைத் தாங்க முடிகிறதா என்று பாருங்கள்.

2. கூலியைப் பிரித்துப் பார்த்தீர்களா?

தறியில் கூலி புடவைக்கு இவ்வளவு என்று வருகிறது. வீட்டில் தார் சுற்றியவர்களின் உழைப்பும் அதில் அடக்கம். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஏறி வேலை நிற்கும் நாட்களும் அதில்தான். மொத்த நேரத்தால், மொத்த ஆட்களால் வகுத்தால்தான் உண்மைத் தொகை தெரியும். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே சம்பாதித்தன. கம்பெனிச் சம்பளத்தையும் இதே மாதிரி பிரியுங்கள்: பஸ்ஸில் போகும் நேரம், ஷிப்ட், ஓவர்டைம் எல்லாம் சேர்த்து.

3. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இருக்கிறீர்களா?

நெசவில் பலர் முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அதை அடைக்காமல் வேறு இடம் போவது கஷ்டம். எங்கள் துறையில் அதன் பெயர் வீட்டுக் கடன் தவணை. மேனேஜர் பதவி எனக்குப் பொருந்தவில்லை என்று ஆறே மாதத்தில் தெரிந்துவிட்டது. நாள் முழுக்க மீட்டிங், பிழை தேட நேரமே இல்லை. ஆனால் தவணையை நினைத்து, "பிடிச்சுத்தான் இருக்கு" என்று எனக்கு நானே இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டேன். கடன் இருக்கும்போது மனசு சொல்லும் பதிலை அப்படியே நம்பக் கூடாது.

பாவு பாதியில் இருக்கும்போது யாரும் தறியை விட்டு எழுந்து போவதில்லை. அது முடிந்து, அடுத்த பாவைப் பிணைப்பதற்கு முன்னால் ஓர் இடைவெளி வரும். முடிவெடுக்க அதுதான் நேரம். நானும் ஒரு புராஜெக்ட் முடிந்த பிறகுதான் கேட்டு, பழைய வேலைக்கே திரும்பினேன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவனிடம் கேட்டேன்: "இழை அறுந்தா எரிச்சல் வருமாடா?"

"அதெல்லாம் இல்ல சித்தப்பா. கூலியை இழுத்தடிக்கிறாங்க பாருங்க, அதான்."

அப்படியானால் அவனுக்குப் பொருந்தாதது நெசவா, கூலி தரும் இடமா? இரண்டும் வேறு வேறு. இரண்டாவதுதான் என்றால் முன்பணத்தை அடைத்துவிட்டு, கூட்டுறவு சங்கத்திலோ வேறு முதலாளியிடமோ கேட்டுப் பார்க்கலாம். சிப்காட்டுக்குப் போகும் நண்பனிடம், சம்பளத்தை மட்டும் கேட்காமல், காலையிலிருந்து இரவு வரை ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

பாவில் இன்னும் ஒரு புடவை பாக்கி இருக்கிறது. அதற்குள் கேட்டுவிடுவான்.