வளரும் பிள்ளையின் பசியும் வீட்டுப் பானையும்

(வானொலியில் ஒலித்த சிந்தனையின் எழுத்து வடிவம்)



அன்பியக் கூட்டம் முடிந்து, காபி டம்ளர் கைக்கு வந்தபிறகுதான் அம்மாமார்கள் மனத்தில் உள்ளதைச் சொல்வார்கள். கோடம்பாக்கத்து வீடுகளில் அப்படி அடிக்கடி காதில் விழும் ஒரு புலம்பல் இது: "ஃபாதர், பையன் சாப்பிடறதப் பார்த்தா பயமா இருக்கு. ஸ்கூல் விட்டு வந்ததும் அவங்க அப்பாவுக்கு வச்ச சோத்தையும் சேர்த்துச் சாப்பிட்டுடறான். ராத்திரி எட்டு தோசை. பத்து மணிக்கு மறுபடியும் ஃபிரிட்ஜைத் திறக்கிறான்." சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். ஆனால் நாற்பது நாள் வந்த அரிசி மூட்டை இப்போது இருபத்தைந்து நாளில் முடிந்துவிடுகிறது என்னும்போது சிரிப்பு நின்றுவிடும். ஒற்றைச் சம்பளத்தில் ஓடும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

இதோடு இன்னொரு சங்கடமும் வருகிறது. தலையான பாவங்கள் ஏழு என்று நாம் மறைக்கல்வியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அவற்றுள் ஒன்று போசனப்பிரியம். வயதான பாட்டிமார் சிலர், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பேரனைப் பார்த்து, "பெருந்தீனி பாவம்டா" என்று சொல்லிவிடுகிறார்கள். பிள்ளையும் பாதியில் எழுந்துவிடுகிறான்.

பாட்டிக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். போசனப்பிரியத்தைப் பற்றி விரிவாக எழுதியவர் புனித தாமஸ் அக்குவினாஸ். அவரே பருத்த உடம்புக்காரர். உடன் படித்தவர்கள் அவரை ஊமை எருது என்று கேலி செய்தார்கள். அவர் சொல்வது இதுதான்: பசியும் உணவை விரும்புவதும் பாவம் ஆகாது, அறிவின் கட்டுக்கு அடங்காத ஆசைதான் பாவம். அதில் ஐந்து வகையும் காட்டுகிறார். நேரத்துக்கு முன்பே உண்பது, விலை உயர்ந்ததையே தேடுவது, அளவுக்கு மீறி உண்பது, அவசரமாக விழுங்குவது, பக்குவம் சரியில்லை என்று நுணுக்கம் பார்ப்பது. இந்தக் கணக்குப்படி பார்த்தால், பழைய சோற்றை ஊறுகாயோடு வழித்துச் சாப்பிடும் பதினாறு வயதுப் பையனைவிட, "இன்னிக்கும் சாம்பாரா?" என்று தட்டைத் தள்ளி வைக்கும் நாற்பத்தைந்து வயது அப்பாதான் அந்தப் பாவத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

சரி, அளவு என்பது எவ்வளவு? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்தியர்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்று கணக்கிட்டுத் தருகிறது. 2020-ஆம் ஆண்டுப் பட்டியலின்படி, 13 முதல் 15 வயதுப் பையனுக்கு 2860 கிலோ கலோரி வேண்டும். 16 முதல் 18 வரை உள்ளவனுக்கு 3320. உட்கார்ந்து வேலை செய்யும் அப்பாவுக்கு 2110 போதும். நாள் முழுக்க உடம்பை வருத்தி உழைக்கும் ஆண்மகனுக்கு 3470. அதாவது, பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகனுக்கு, கோயம்பேட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு வேண்டிய அளவு ஏறக்குறைய அப்படியே வேண்டியிருக்கிறது. அவன் தூக்குவது மூட்டை இல்லை, தன் உடம்பையே கட்டிக்கொண்டிருக்கிறான். வேகமாக வளரும் ஓராண்டில் ஒரு பையன் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் உயர்ந்துவிடுகிறான். போன கிறிஸ்துமஸுக்கு எடுத்த பேன்ட் ஈஸ்டருக்குள் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டால் காரணம் இதுதான். ஆகவே பயப்பட வேண்டாம்.

ஆனால் அதே பட்டியலில் வீட்டார் கவனிக்காமல் தாண்டிப் போகும் இன்னொரு வரிசை இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. பெண்பிள்ளையின் வரிசை. அவள் தம்பியையோ அண்ணனையோவிட ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்னதாகவே வளரத் தொடங்கிவிடுகிறாள். 16 முதல் 18 வயதில் அவளுக்கு 2500 கிலோ கலோரி வேண்டும். மிதமாக உழைக்கும் தாய்க்கு வேண்டியதைவிட இது அதிகம். இரும்புச்சத்தில் கணக்கு தலைகீழ்: பையனுக்கு 26 மில்லிகிராம், பெண்ணுக்கு 32. மாதவிலக்கில் இழப்பதை அவள் உணவிலிருந்துதான் ஈடுகட்ட வேண்டும். நம் வீடுகளில் நடப்பது என்ன? ஈரலும் மத்தி மீனும் "வளர்ற பையன்" தட்டுக்குப் போகின்றன. அவளுக்குக் குழம்பு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பது தெரிந்தது. அந்தச் சோகை ஒரே நாளில் வந்ததில்லை. "நீ விட்டுக்கொடும்மா, தம்பிக்குப் பசிக்குதாம்" என்ற வார்த்தையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. அந்தப் பாதியில் பெண்ணோடு அவள் அம்மாவும் இருக்கிறார்.

பிள்ளைகளின் பசியை நம் ஊர் புரிந்துகொள்ளாமல் இல்லை. இந்தச் சென்னை அதில் முன்னோடி. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தந்தது. அதற்கு முன்னின்றவர், பக்கத்திலுள்ள தியாகராய நகர் யார் பெயரைத் தாங்குகிறதோ அந்தப் பிட்டி தியாகராயர். 1956-இல் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1982 ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கிய எம்.ஜி.ஆர்., தாமே சிறுவயதில் பசியில் வாடியவர். 2022-இல் மதுரையில் தொடங்கிய காலைச் சிற்றுண்டி, 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தபோது, அந்த விழா நடந்தது மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில். நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். காலைச் சிற்றுண்டி ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. பசி உச்சத்துக்கு வரும் பிளஸ் ஒன், பிளஸ் டூ வயதில் பிள்ளைக்கு வீட்டுப் பானை மட்டும்தான்.

அந்தப் பானையை எப்படிப் பங்கிடுவது? திருச்சபையின் முதல் உட்பூசலே சாப்பாட்டுப் பந்தியில்தான் எழுந்தது என்பதைத் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அன்றாடப் பங்கீட்டில் எங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறையிட்டார்கள். திருத்தூதர்கள் அவர்களைப் பொறுமையாக இருக்கச் சொல்லவில்லை. பரிமாறுவதற்கென்றே ஏழு பேரை நியமித்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்கள் பக்கத்து ஆட்களிடமே கரண்டியைக் கொடுத்திருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

வீட்டிலும் கரண்டியை மாற்றிப் பாருங்கள். வாரத்தில் இரண்டு இரவு அந்தப் பையனே எல்லோருக்கும் பரிமாறட்டும். தன் தட்டில் கடைசியில் போட்டுக்கொள்ளட்டும். அதட்டிச் சொல்லித் தெரியாதது, பானையின் அடியைப் பார்த்தால் தெரிந்துவிடும். குருமடத்து உணவறையில் நாங்களும் முறை வைத்துப் பரிமாறினோம். கறித்துண்டைச் சரியாக எண்ணிப் பன்னிரண்டு பேருக்குப் போடுவது இறையியல் தேர்வைவிடக் கடினம்!

கொரிந்து சபையில் இன்னொரு கோளாறு. முன்னதாக வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிடுவார்கள்; வேலை முடித்துப் பிந்தி வரும் ஏழைகளுக்கு ஒன்றும் இருக்காது. ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்கும்படி பவுலடியார் கடிந்து எழுதுகிறார். நம் வீட்டில் பிந்தி வருபவர் யார்? இரவு ஷிப்ட் முடித்து வரும் அப்பா, கடையைப் பூட்டிவிட்டு ஒன்பதரைக்கு வரும் அம்மா. எல்லோரும் காத்திருப்பது எப்போதும் நடக்காது. அதனால் சமைத்து இறக்கியதும், யாரும் உட்காருவதற்கு முன்பே, வராதவரின் பங்கை மூடிபோட்ட டப்பாவில் எடுத்து வைத்துவிடுங்கள். மிஞ்சினால் அம்மாவுக்கு என்ற பழக்கம் இதில் போய்விடும். அம்மா தன் பங்கையும் அப்போதே எடுத்து வைக்க வேண்டும். இதை அம்மாமார்கள் எளிதில் செய்ய மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மகளிடம் சொல்லி வையுங்கள், அவள் செய்வாள்.

எண்ணிப் பரிமாற வேண்டியவை வேறு, எண்ணாமல் எடுக்கக்கூடியவை வேறு. மீன், முட்டை, கறி, பால் இவையெல்லாம் ஆளுக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எண்ணிக்கை. சோறு, கஞ்சி, கேழ்வரகுக் கூழ், சுண்டல், வேர்க்கடலை, வாழைப்பழம் ஆகியவற்றில் கணக்குப் பார்க்காதீர்கள். பசித்தவன் எடுத்துக்கொள்ளட்டும். இந்த ஒரு பிரிவினையிலேயே பாதிச் சண்டை அடங்கிவிடும்.

சோற்றை மட்டும் மலைபோலப் போட்டால் இரண்டு மணி நேரத்தில் திரும்பவும் பசிக்கும். புரதம் சேர்ந்தால் பசி தாங்கும். நூறு கிராம் அரிசியில் ஏழெட்டு கிராம் புரதம். நூறு கிராம் வேர்க்கடலையில் இருபத்தைந்து கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம். மாலை ஐந்து மணிக்கு அவன் பையைக் கழற்றும்போது, முந்தின இரவு ஊற வைத்த கொண்டைக்கடலை சுண்டலாகத் தயாராக இருந்தால், ஆற்காடு சாலையில் சிப்ஸ் பாக்கெட்டுக்குப் போகும் பணமும் மிஞ்சும், அப்பாவின் சோறும் தப்பும்.

இரவுப் பசிக்கு வேர் பெரும்பாலும் காலையில் இருக்கிறது. ஆறு மணிக்கு டியூஷன், ஒன்றும் சாப்பிடாமல் ஓட்டம், மதியத்துக்கு இரண்டாம் வகுப்பில் வாங்கிய அதே சின்ன டப்பா. நாள் முழுக்கச் சேர்ந்த கடன் இரவில் வசூலாகிறது. டப்பாவைப் பெரிதாக்குங்கள், டியூஷனுக்கு முன்னே இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால்.

தவக்காலம் வரும்போது சிலர் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சுத்தபோசனம் பதினான்கு வயது நிறைந்தவர்களுக்குக் கடமை. ஒருசந்தி பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்குத்தான், ஐம்பத்தொன்பது நிறையும்வரை. திருச்சபைச் சட்டத்தின் 1252-ஆம் பிரிவு அப்படித்தான் வைத்திருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளை பெரிய வெள்ளியன்று இறைச்சியைத் தவிர்த்தால் போதும். பட்டினி கிடக்கும்படி அவனைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

பிள்ளையின் தட்டைப் பார்த்துப் பேசும் பேச்சிலும் கவனம் வேண்டும். "வயிறா, குழியா", "தண்டச்சோறு" என்பவற்றைப் பையன் மறந்துவிட்டதுபோல் இருப்பான், மறக்க மாட்டான். "உடம்பு வச்சிட்டே, குறைச்சுச் சாப்பிடு" என்று சொல்லப்பட்ட பெண்பிள்ளை எல்லோர் முன்னாலும் கொறித்துவிட்டு, பிறகு ஒளித்துச் சாப்பிடத் தொடங்குகிறாள். அல்லது அடியோடு நிறுத்துகிறாள். சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய் வாந்தி எடுப்பது, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது, ஓயாத தாகம், இரவில் பலமுறை சிறுநீர் கழிப்பது போன்றவை தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கடைசி மூன்றும் சேர்ந்திருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் அன்றே சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். சிறுவயதிலும் நீரிழிவு வரும்.

அலுத்துப்போகும் தாய்மார்களுக்கு ஒருவரை நினைவூட்டுகிறேன். புனித தொன் போஸ்கோவின் தாய் மார்கரெட். 1846-இல் ஊரை விட்டுத் தூரின் நகருக்கு வந்து, மகன் சேர்த்துக்கொண்டுவந்த ஏழைப் பையன்களுக்கெல்லாம் சமைத்துப்போட்டார். அவர் ஆசையாய்ப் போட்ட காய்கறித் தோட்டத்தை அந்தப் பையன்கள் போர் விளையாட்டு விளையாடி மிதித்துத் துவைத்துவிட்டார்கள். "போதும், நான் ஊருக்கே போகிறேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். மகன் பதில் பேசாமல் சுவரில் இருந்த பாடுபட்ட சுரூபத்தைக் காட்டினார், தாய் இருந்துவிட்டார். இதைச் சொல்லி அம்மாக்களைச் சும்மா இருக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தூரினில் அந்தத் தாய்க்குப் பின்னால் வேறு பெண்களும் வந்து கைகொடுத்தார்கள்.

உங்கள் வீட்டில் கைகொடுக்க இரண்டு நீண்ட கைகள் ஏற்கெனவே இருக்கின்றன. பதினான்கு வயதில் குக்கர் வைக்க, முட்டை அவிக்க, கஞ்சி காய்ச்சப் பையன் பழகிவிடலாம். இரவு பத்து மணிக்குத் தோசைமாவுப் பாத்திரத்தைக் காலி செய்தவனே, மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும் முன் நாலு டம்ளர் இட்லி அரிசியும் ஒரு டம்ளர் உளுந்தும் தனித்தனியே ஊறப்போட்டுவிட்டுப் போகட்டும். உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயமும். சாயங்காலம் வந்து கிரைண்டரில் போட்டு எடுத்து, உப்புப் போட்டுக் கையால் கரைத்து வைப்பதும் அவன் வேலைதான். கிரைண்டரைக் கழுவுவதும் சேர்த்துத்தான்.