சீகேட்டா, டபிள்யூடியா, தோஷிபாவா? ஹார்ட் டிஸ்க் வாங்கும்முன் இதைப் படிங்க

செபராங் ஜெயாவில் ஒரு கணினிக் கடைக்குப் போய், "எந்த பிராண்ட் நல்லது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் சீகேட் என்பார். பக்கத்தில் நிற்பவர், "ஐயோ, அது சீக்கிரம் போயிடும், டபிள்யூடி எடுங்க" என்பார்.

ஒரு வகையில் இரண்டுமே நம்ம பினாங்குச் சரக்குதான். சீகேட்டுக்குப் பாயான் லெப்பாஸில் ஆலை இருந்தது. பினாங்கில் ஹார்ட் டிஸ்க் தட்டுகளைத் தயாரித்த கோமாக் நிறுவனத்தை 2007இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. இந்த இரண்டையும் தோஷிபாவையும் விட்டால் இன்று உலகில் ஹார்ட் டிஸ்க் தயாரிக்க வேறு ஆளில்லை.

சரி, எது சீக்கிரம் பழுதாகும்?

அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளின் பழுதுக் கணக்கை வெளியிட்டு வருகிறது. ஓராண்டில் பழுதாவது பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். சீகேட்டின் பழைய 3 டெராபைட் மாடல் ஒன்று அந்தக் கணக்கில் படுமோசம். அதே சீகேட்டின் வேறு மாடல்களோ ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடுகின்றன. ஆகவே பிராண்டைவிட மாடல் எண்ணைப் பாருங்கள்.

மாடல் எண்ணில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. தரவுத் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் வகை மலிவு; ஆனால் பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது திணறும். 2020இல் தன் 'ரெட்' வரிசையில் சில மாடல்கள் இந்த வகை என்பதைச் சொல்லாமல் விற்று வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கிக் கட்டிக்கொண்டது. நாஸ் கருவிக்கு சிஎம்ஆர் வகையே சரி.

சத்தம்? நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழல்வது பொதுவாக அமைதி. 7,200 சுற்று வேகம், ஆனால் கரகரப்பும் சூடும் கூடும். படுக்கையறையில் வைக்கப் போகிறீர்கள் என்றால் யோசியுங்கள்.

விலையை டெராபைட்டால் வகுத்துப் பாருங்கள். வாரண்டியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பாரகுடா, புளூ வகைகளுக்கு வழக்கமாக 2 ஆண்டு. அயர்ன்வுல்ஃப், ரெட் பிளஸ், என்300 வகைகளுக்கு 3 ஆண்டு. வாரண்டியில் புது டிஸ்க் கிடைக்கும், பாட்டியின் படங்கள் கிடைக்காது. எந்த பிராண்டானாலும் இன்னொரு பிரதி வேண்டும்.

இணையத்தில் நம்பமுடியாத மலிவு விலையா? கொஞ்சம் பொறுங்க. 2025இல் கோலாலம்பூர் அருகே ஒரு கிடங்கில் அதிகாரிகள் சோதனை நடத்தி, ஏறக்குறைய 700 போலி சீகேட் டிஸ்க்குகளைப் பிடித்தனர். பழைய டிஸ்க்குகளின் ஓடிய மணிக்கணக்கை அழித்து, புது லேபிள் ஒட்டும் வேலை அங்கே நடந்தது.

வாங்கியதும் வரிசை எண்ணை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் தட்டி, வாரண்டி தேதியைப் பாருங்கள். சீகேட் என்றால், ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் புதிய பதிப்பில் 'ஃபார்ம்' பதிவையும் பாருங்கள். மேலோட்டமான கணக்கை அழித்தவர்கள் பல நேரம் இதை விட்டுவிடுகிறார்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லையா? ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை.