வண்டிப்பேட்டையும் அடுக்குப்பேட்டையும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை நிலையங்களில் காலை வண்டிக்கு வருவோர் தம் வாகனங்களை நிறுத்தப் படும் பாட்டை ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆரியங்கோட்டு அன்பர்களுக்கு வேறு வழியில்லை. ரயில் அவர்கள் ஊரைத் தொடுவதில்லை. நிழல் முதலில் நிறைகிறது. பிந்தியவர் வெயிலில் விட்டுவிட்டு ஓடுகிறார்.

அண்மையில் அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் நம்மை நாடி வந்தார். வளைகுடாவில் பல்லாண்டு உழைத்து ஈட்டிய பொருளைக் கொண்டு, நகரத்து மனையில் அடுக்கு வாகன நிறுத்தம் கட்ட அவருக்கு எண்ணம். "வாடகை வரும், தம்பி. ஆனால் என் பேரன் காலத்திலும் ஜனங்கள் கார் வைத்திருப்பார்களா?" என்று கேட்டார். வாழ்நாள் சேமிப்பன்றோ! அக்கேள்வி நம்மையும் உறங்கவிடவில்லை.

நம் முன்னோர் அமைத்த வண்டிப்பேட்டைகளை எண்ணிப் பாருங்கள். சமதரை, ஒரு மரம், ஒரு கிணறு, அவ்வளவே. மாட்டுவண்டி மறைந்ததும் அவ்விடம் சந்தையாகவோ பேருந்து நிலையமாகவோ மாறுவதற்குத் தடையொன்றும் இருக்கவில்லை. அடுக்குக் கட்டடமோ அவ்வாறன்று. தளத்தையே சரிவாக அமைத்து, அச்சரிவிலேயே கார்களை நிறுத்தும் முறை பல நாடுகளில் உண்டு. இடம் மிச்சமாகும் என்பது உண்மையே; ஆனால் பின்னாளில் அங்கே ஒரு கட்டிலைக்கூட நேராகப் போட முடியாது. உயரமும் அப்படியே. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி கார்க்கொட்டிலுக்கு 2.4 மீட்டர் போதும். மக்கள் வாழும் அறைக்கு 2.75 மீட்டர் வேண்டும். ஒரு முழத்துக்கும் குறைவான இவ்வேறுபாடு, கட்டும்போது சிறு செலவு. கட்டியபின் எவராலும் கூரையை உயர்த்த இயலாது.

ஆதலால் தளங்கள் சமமாக இருக்கட்டும். ஏறுசரிவு ஓர் ஓரத்தில், பின்னர் அகற்றத்தக்கதாய்த் தனித்து நிற்கட்டும் என்றோம். குழாய்களுக்கும் கழிவுநீருக்கும் முன்கூட்டியே வழி விட வேண்டும். நடுவில் வெளிச்சம் எட்டாது. பிற்காலத்தில் முற்றமாகத் திறக்கத்தக்க ஒரு பகுதியைப் பொறியாளர் குறித்துவைத்தல் நலம். பாரத்தைப் பற்றிச் சொன்னபோது பெரியவர் நம்பவில்லை. காரைவிடப் புத்தக அலமாரிகள் தளத்தை அதிகம் அழுத்தும்! எதிர்காலத்தில் என்னவாகலாம் என்பதை எண்ணியே தூண்களின் வலுவைக் கணக்கிட வேண்டும்.

திருவனந்தபுரம் மாநகராட்சி வளாகத்தில் 2020-இல் திறக்கப்பட்ட ஏழடுக்கு இயந்திர நிறுத்தத்தில் 102 கார்கள் நிற்கும். அது இரும்புச் சட்டம். அதில் எவரும் குடியிருக்க முடியாது. இலண்டனில் பெக்காம் பகுதியின் அடுக்கு நிறுத்தமோ வேறு வாழ்வு பெற்றது. 2007 முதல் அதன் மேல்தளங்களில் கலைக்காட்சிகள் நடந்தன. 2017-இல் கீழே கலைஞர் கூடங்களும் உணவுக் கடைகளும் வந்தன. அதே நகரில் வெல்பெக் தெருக் கட்டடம், அதன் அழகிய முகப்பைப் பலர் போற்றியும், 2019-இல் இடிக்கப்பட்டது.

இடித்தால் போவது பணம் மட்டுமன்று. வெள்ளறடைப் பக்கம் குன்றுகளை உடைப்பதை நாம் கண்ணால் கண்டவர்கள். அக்கல்லன்றோ கான்கிரீட்டாகிறது?

பெரியவர் வரைபடத்தைத் திருப்பி எடுத்துச் சென்றார். ஓர் அடுக்கைக் குறைத்து, மற்றவற்றை உயர்த்தி வரையச் சொல்லியிருக்கிறாராம். வாடகை குறையும் என்று மகனுக்குச் சற்று வருத்தம்.