‘ஐ ஆம் ஷேம்லெஸ்’னு இன்டர்வியூல சொல்லலாமா? ‘வெட்கம் இல்லை’ என்பதற்கு இங்கிலீஷில் சரியான வார்த்தை எது?

மேடையில் பேச உங்களுக்குக் கூச்சமே கிடையாது. அதை இன்டர்வியூவில் இங்கிலீஷில் சொல்லணும். ‘எனக்கு வெட்கம் இல்லை’ என்பதை அப்படியே மாற்றி ‘ஐ ஆம் ஷேம்லெஸ்’ என்று சொன்னால் என்ன ஆகும்? ‘நான் மானங்கெட்டவன்’ என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்!

சிக்கல் நம்ம ‘வெட்கம்’ என்ற சொல்லில்தான் இருக்கு. கல்யாணப் பொண்ணு தலை குனிந்தாலும் வெட்கம், திருடி மாட்டிக்கிட்டவன் தலை குனிந்தாலும் வெட்கம். இங்கிலீஷில் முதலாவதுக்கு ‘ஷை’, இரண்டாவதுக்கு ‘ஷேம்’. ‘ஷேம்லெஸ்’ இந்த இரண்டாவதைச் சேர்ந்தது. தப்பு செய்துவிட்டு கொஞ்சமும் உறுத்தல் இல்லாமல் இருப்பவரைத்தான் அது குறிக்கும். ‘ஷேம்லெஸ் லை’ என்றால், வாய் கூசாமல் சொன்ன பொய்.

வள்ளுவரும் இதைக் கவனித்திருக்கிறார். ‘நாணுடைமை’ அதிகாரத்தின் முதல் குறளிலேயே, தகாத செயலுக்காக நாணுவது வேறு, பெண்களின் இயல்பான நாணம் வேறு என்று பிரித்துவிடுகிறார். அவரிடமும் சொல் ஒண்ணுதான், பொருள்தான் ரெண்டு.

அப்போ இன்டர்வியூவில் என்ன சொல்வது? ‘ஐ ஆம் நாட் ஷை’ போதும்.

‘அன்அஷேம்ட்’ என்று இன்னொரு சொல் இருக்கு. ‘இதுக்கு நான் ஏன் வெட்கப்படணும்?’ என்ற நிமிர்வு அதில் உண்டு. தமிழ் மீடியத்தில் படித்ததைத் தயங்காமல் சொல்பவர் அன்அஷேம்ட். காப்பியடித்து பாஸாகிவிட்டு அதையும் பெருமையாகச் சொல்பவர் ஷேம்லெஸ்.

செய்திகளில் அதிகம் வருவது ‘பிரேஸன்’. பித்தளை என்ற சொல்லிலிருந்து வந்தது இது. 2025 அக்டோபர் 19 அன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில், காலையில் பார்வையாளர்கள் இருக்கும்போதே, லிப்ட் வண்டியில் ஏறி மாடி வழியாகப் புகுந்து அரச நகைகளை அள்ளிப் போனார்களே, அதை இங்கிலீஷ் ஊடகங்கள் ‘பிரேஸன்’ கொள்ளை என்றன. இதை ‘வெட்கங்கெட்ட கொள்ளை’ என்று மொழிபெயர்த்தால் காமெடியாகிவிடும். நம்ம பத்திரிகைகளில் இதற்கு ஏற்கெனவே வார்த்தை இருக்கு: ‘துணிகரக் கொள்ளை’.

திட்டாக இல்லாமல் ‘ஷேம்லெஸ்’ வருவதும் உண்டு. சோஷியல் மீடியாவில் தன் யூடியூப் லிங்க்கைத் தானே போட்டு, ‘ஷேம்லெஸ் பிளக்’ என்று எழுதுவார்கள். ‘கூச்சப்படாம என் விளம்பரத்தை நானே போட்டுக்கிறேன்’ என்ற கிண்டல் அது. தன்னைப் பற்றிச் சொல்லும்போது மட்டும்தான் இது ஜோக். அடுத்தவர் போஸ்ட்டுக்குக் கீழே போய் எழுதினால் சண்டைதான்.