வழியிலுள்ள கிணறு: இடர்க்காரணி ஆய்வும் உயிர்காப்பும்

மாலிக்கீ மத்ஹபின் பேரறிஞர் இமாம் கராஃபீ (மறைவு ஹிஜ்ரீ 684) தீமைக்கு இட்டுச் செல்லும் வழிகளை மூன்றாக வகைப்படுத்தினார். மக்கள் நடக்கும் பாதையில் கிணறு வெட்டுவதும் அவர்களது உணவில் நஞ்சிடுவதும் முதல் வகை. இவற்றைத் தடுத்தாக வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. மது வடித்துவிடுவார்கள் என அஞ்சித் திராட்சைப் பயிரையே தடை செய்வது இரண்டாம் வகை. அவ்வாறு தடுக்கக் கூடாது என்பதிலும் ஒருமித்த கருத்தே நிலவுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை மூன்றாம் வகை. அறிஞர்களின் ஆய்வுக்கும் கருத்து வேறுபாட்டுக்கும் உரியவை. 'ஸத்துத் தராயிஃ' எனப்படும் இவ்விதிக்கு மாலிக்கீ, ஹன்பலீ அறிஞர்கள் விரிந்த இடமளித்தனர். ஷாஃபிஈ அறிஞர்கள் அதனைச் சுருக்கமாகவே கையாண்டனர். ஒரு வழி எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிய, அதனால் விளையும் தீமையின் அளவு தெரிந்திருக்க வேண்டும். பொதுச் சுகாதார ஆய்வு துணைபுரிவது இவ்விடத்தில்தான்.

இடர்க்காரணி என்பது யாது?

உஸூலுல் ஃபிக்ஹில் 'இல்லத்' இருக்குமிடத்தில் சட்டமும் இருக்கும். இடர்க்காரணி அத்தகையதன்று. அது இருந்தால் தீங்கு நேரும் வாய்ப்பு மிகுகிறது. நேர்ந்தே தீரும் என்பதில்லை. 1948இல் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் தொடங்கிய இதயநோய் ஆய்வு இக்கருத்தைப் பரவலாக்கியது. புகைப்பவர் அனைவரும் மாரடைப்பால் இறப்பதில்லை. ஆயினும் புகைப்போர் கூட்டத்தில் மாரடைப்பு மிகுதி.

ஆங்கிலேய மருத்துவ அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1985இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இரு கேள்விகளைப் பிரித்துக் காட்டினார். 'இம்மனிதருக்கு ஏன் இந்நோய் வந்தது?' என்பது ஒன்று. 'இச்சமூகத்தில் இந்நோய் ஏன் இவ்வளவு மிகுந்துள்ளது?' என்பது மற்றொன்று. முதற்கேள்விக்குரிய விடை இரண்டாம் கேள்விக்கு விடையாகிவிடாது. தற்கொலையைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் முதற்கேள்வியோடு நின்றுவிடுகிறோம். ஈமான் குன்றியது, பொறுமை இழந்தார், மதுவுக்கு அடிமையானார், கடன்பட்டார் என்கிறோம். இவை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு நாட்டில் தற்கொலை பன்மடங்கு பெருகியதற்கும் பின்னர் குறைந்ததற்கும் இவை விளக்கமாகுமா?

இலங்கை தரும் பாடம்

இலங்கையில் தற்கொலை விகிதம் 1950க்கும் 1995க்கும் இடையே ஏறத்தாழ எட்டு மடங்கு உயர்ந்தது. 1995இல் அது ஓர் இலட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தைத் தொட்டது. இறந்தோரில் பெரும்பாலோர் கிராமத்தவர். வயலுக்கென வாங்கி வீட்டில் வைத்திருந்த பூச்சிக்கொல்லியே அவர்களது உயிரைப் பறித்தது. அதே ஆண்டில் மிகக் கொடிய நச்சுப் பிரிவைச் சேர்ந்த பூச்சிக்கொல்லிகளின் இறக்குமதியும் விற்பனையும் கட்டுப்படுத்தப்பட்டன. 1998இல் எண்டோசல்ஃபான் தடை செய்யப்பட்டது. 2005க்குள் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. 2008 முதல் 2011 வரை மேலும் மூன்று நஞ்சுகள் படிப்படியாக விலக்கப்பட்டன.

இக்குறைவுக்கு வேறு காரணம் இருக்கலாமே என்று ஆய்வாளர்கள் வினவினர். வேலையின்மை, மதுப்பழக்கம், மணமுறிவு, உள்நாட்டுப் போரின் ஆண்டுகள் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்தனர். 2007இல் வெளியான அவ்வாய்வின்படி, இவற்றின் ஏற்ற இறக்கங்கள் இக்குறைவோடு பொருந்தவில்லை. நஞ்சுத் தடைகளின் காலமே பொருந்தியது. முந்தைய பத்தாண்டுகளோடு ஒப்பிட, 1996 முதல் 2005 வரை 19,769 தற்கொலைகள் குறைந்திருந்தன.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நஞ்சருந்தி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோரின் தொகை அக்காலத்தில் குறையவில்லை. மக்களின் துயரம் தணிந்துவிடவில்லை. அத்துயரம் மரணமாக முடிவதுதான் குறைந்தது. கணநேரக் கொந்தளிப்பில் கைக்கு எட்டியதை எடுத்தவர், அதன் கொடுமை குறைந்திருந்ததால் பிழைத்து, மனைவி மக்களிடம் திரும்பினார்.

பூட்டி வைத்தால் போதாதா என்றும் ஆராய்ந்தனர். இலங்கையின் 180 கிராமங்களில், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடையே நடந்த பெரும் ஆய்வில், ஒரு பகுதிக் கிராமங்களின் வீடுகளுக்குப் பூட்டுடைய பெட்டிகள் வழங்கப்பட்டன. பெட்டி பெற்ற ஊர்களுக்கும் பெறாத ஊர்களுக்கும் நஞ்சருந்துவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என 2017இல் முடிவு வெளியாயிற்று. கிணற்றின் மேல் பலகை போடுவதற்கும் கிணற்றையே மூடுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

இனி, திராட்சைப் பயிரின் வினா எழுகிறது. நஞ்சைத் தடுத்தால் உழவர் பாதிக்கப்படமாட்டாரா? தடைகள் நடைமுறைக்கு வந்த ஆண்டுகளையொட்டி விளைச்சலில் சரிவு ஏதும் காணப்படவில்லை. தீங்கு குறைந்த மாற்று மருந்துகள் இருந்தன. ஆகவே இத்தடை திராட்சைக் கொடியை வேரோடு பிடுங்குவதைப் போன்றதன்று. பாதையிலுள்ள கிணற்றை மூடுவதைப் போன்றது.

கத்ரும் முயற்சியும்

'அஜல் வந்தால் எவ்வழியிலும் சாவு வரும். வழியை அடைத்து என்ன பயன்?' என்று கேட்போர் உளர். கொள்ளைநோய் பரவிய ஷாமுக்குள் நுழையாமல் ஸர்க் என்னுமிடத்திலிருந்து உமர் (ரலி) திரும்பியபோது இதே ஐயம் எழுப்பப்பட்டது. அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியை நோக்கியே செல்வதாக அவர்கள் விளக்கினார்கள். வழிகளை அடைப்பது கத்ரை மறுப்பதாகாது. உயிர்காத்தலை ஷரீஅத்தின் ஐந்து இன்றியமையா நோக்கங்களில் ஒன்றாக எண்ணிய இமாம்களின் நெறியைப் பேணுவதாகும்.

தற்கொலை பெரும் பாவம் என்பதில் ஐயமில்லை. அதனை மிம்பரில் எடுத்துரைப்பதும் கடமையே. ஆனால் அந்த உரையோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? மனச்சோர்வுக்கு மருத்துவரை நாடுவது ஈமானின் குறைவன்று எனச் சொல்ல வேண்டியவர்களும் நாமே. பிழைத்து வந்தவரை இகழ்ந்து ஒதுக்கினால், அவர் மீண்டும் தனிமையில் தள்ளப்படுகிறார். தற்கொலை செய்தவருக்கும் ஜனாஸா தொழுகை உண்டு என்பதே பெரும்பாலான இமாம்களின் நிலைப்பாடு. அதனை அறியாது துயருற்ற குடும்பத்தைப் புறக்கணிப்பது அக்குடும்பத்துக்கு இழைக்கும் அநீதியாகும்.

உள்ளங்களைச் சீர்செய்வது நெடுங்காலப் பணி; அது ஒரு தலைமுறையில் முடியாமலும் போகலாம். கிணற்றை மூடும் பணி அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போன்றவர் எனக் கற்பிக்கப்பட்ட சமுதாயம், இவ்விரு பணிகளில் ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கைவிடலாகாது. அல்லாஹ் நன்கறிந்தவன்.