லினக்ஸ் உள்வீடு – 17: நள்ளிரவில் விழுந்த சர்வீஸ்

போன வாரம் சிக்னல்களைப் பார்த்தோம். தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியில் ஒரு புரொகிராம் கைவைத்தால், கெர்னல் 11ஆம் எண் சிக்னலை அனுப்பி அதன் கதையை முடித்துவிடும். திரையில் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று ஒரு வரி, அதோடு சரி. ஷெல்லைக் கேட்டால் 139 என்று சொல்லும். 128உடன் அந்த 11ஐக் கூட்டிய கணக்கு அது. எந்த வரியில் விழுந்தது, ஏன் விழுந்தது என்று தெரிய கோர் டம்ப் வேண்டும். விழுந்த நொடியில் புரொகிராமின் நினைவகத்திலும் ரிஜிஸ்டர்களிலும் இருந்ததைக் கெர்னல் எழுதிவைக்கும் கோப்புதான் அது.

ஆனால் பல கணினிகளில் இது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். டெர்மினலில் ‘யூலிமிட் -சி’ அடித்துப் பாருங்கள். 0 என்று வந்தால் கோப்பு எழுத அனுமதி இல்லை. அதே கட்டளையோடு ‘அன்லிமிடெட்’ சேர்த்தால் தடை நீங்கும், அந்த ஷெல்லிலிருந்து கிளம்பும் புரொகிராம்களுக்கு மட்டும்.

அந்த ‘மட்டும்’தான் ஆளைக் கவிழ்க்கிறது. சர்வரில் நள்ளிரவு ஓடும் சர்வீஸைக் கிளப்புவது உங்கள் ஷெல் அல்ல, சிஸ்டம்டி. அதற்கு யூனிட் கோப்பில் ‘லிமிட்கோர்’ மதிப்பை ‘இன்ஃபினிட்டி’ என்று வைக்க வேண்டும். அதன் பிறகும் டம்ப் காணாமல் போகலாம். வேறு ஏற்பாடு இல்லையென்றால், புரொகிராம் எந்த ஃபோல்டரில் நின்று ஓடுகிறதோ அங்கேதான் கெர்னல் கோப்பை எழுதும். சர்வீஸ்கள் வழக்கமாக நிற்பது ரூட் ஃபோல்டரில். அங்கே எழுத சாதாரண யூசருக்கு உரிமை ஏது? பிழைச் செய்திகூட இல்லாமல் டம்ப் போய்விடும். ஆகவே ‘கோர்_பேட்டர்ன்’ என்ற கெர்னல் அமைப்பில் முழுப் பாதையையும் கொடுத்துவிடுங்கள். அதன் முதல் எழுத்து பைப் குறியாக இருந்தால், டம்ப் வேறொரு புரொகிராமின் கைக்குப் போகிறது என்று பொருள். ஃபெடோராவில் சிஸ்டம்டி-கோர்டம்ப், உபுண்டுவில் அப்போர்ட். கன்டெய்னர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: இந்த அமைப்பு கெர்னலுக்கே பொதுவானது, கன்டெய்னருக்குத் தனியாகக் கிடையாது.

டம்ப் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜிடிபிதான் இன்றும் கைகொடுக்கும் டீபக்கர். புரொகிராமையும் டம்ப்பையும் சேர்த்துத் திறந்து ‘பிடி’ என்று அடித்தால், எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற அடுக்கு வரும். உச்சியில் ‘ஸ்டிரிங்லென்’ போன்ற நூலக ஃபங்ஷன் இருப்பதைப் பார்த்து சி நூலகத்தின் மேல் பழி போடாதீர்கள். உங்கள் கோடு வரும் அடுக்குவரை இறங்கி ‘இன்ஃபோ லோக்கல்ஸ்’ கேளுங்கள். கையால் ஓட்டினால் ஓடி, சர்வீஸாக ஓட்டினால் விழும் புரொகிராம்களில் நான் முதலில் சந்தேகப்படுவது சூழல் மாறிகளைத்தான். லாகின் ஷெல்லில் இருந்த மாறி சர்வீஸுக்கு வந்து சேராது. ‘கெட்என்வி’ வெறும் பூஜ்ய முகவரியைத் தரும். அதைச் சோதிக்காமல் நீளம் அளக்கப் போனால் 11ஆம் சிக்னல்தான்.

எல்லா வழக்கும் இவ்வளவு சுலபமில்லை. எங்கோ எல்லை மீறி எழுதிய பிழை, வெகுநேரம் கழித்துச் சம்பந்தமே இல்லாத ‘ஃப்ரீ’ அழைப்பில் வெடிக்கும். அங்கே டம்ப் காட்டுவது விழுந்த இடத்தை, தள்ளிவிட்ட ஆளை அல்ல. அதற்கு, எல்லை மீறும் இடத்திலேயே பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் வேண்டும்.

டம்ப்பை இயக்குவதைவிட முக்கியம் என்று நான் நினைப்பது ஒன்று உண்டு: கம்பைல் செய்யும்போது ‘-ஜி’ சேர்த்து, அந்த டீபக் தகவலைப் பத்திரப்படுத்துவது. அது இல்லாவிட்டால் வரி எண்களும் லோக்கல் மாறிகளும் தெரியாது; புரொகிராம் ‘ஸ்டிரிப்’ செய்யப்பட்டிருந்தால் ஃபங்ஷன் பெயர்கள் வரவேண்டிய இடத்திலும் கேள்விக்குறிகள்தான் வரிசைகட்டும். அதே கோடை மறுபடி கம்பைல் செய்தால் போதாதா என்றால், கம்பைலரோ ஆப்ஷனோ கொஞ்சம் மாறியிருந்தாலும் முகவரிகள் பொருந்தாது. எந்த டம்ப் எந்த பில்டைச் சேர்ந்தது என்பதை பில்ட்-ஐடி சொல்லிவிடும்.

டம்ப் கோப்பை அப்படியே மின்னஞ்சலில் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். நினைவகத்தில் பாஸ்வேர்டு இருந்தால் கோப்பிலும் இருக்கும். 2025 மே மாதம் குவாலிஸ் நிறுவனம் அப்போர்ட்டிலும் சிஸ்டம்டி-கோர்டம்ப்பிலும் ஆளுக்கொரு ஓட்டையை வெளியிட்டது. ரூட் உரிமையோடு ஓடும் எஸ்யூஐடி புரொகிராமை விழவைத்து, அந்த நொடியில் அதன் செயல் எண்ணில் வேறொன்றை நுழைத்து, டம்ப்பைப் படித்துவிடலாம். பாஸ்வேர்டு சரிபார்க்கும் ஒரு சிறு புரொகிராமின் டம்ப்பிலிருந்து பாஸ்வேர்டு ஹாஷ்களை எடுத்தே காட்டினார்கள். அப்டேட் போட முடியாத சர்வர்களில் ‘எஸ்யூஐடி_டம்பபிள்’ மதிப்பை 0 ஆக்கிவிடச் சொன்னார்கள். அப்படிச் செய்தால் அந்த வகைப் புரொகிராம்கள் விழும்போது டம்ப்பே எழுதப்படாது.

(தொடரும்)